தொலைபேசி வழி வந்த இணையம்



வரலாறு என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவன கோட்டைகளும் கொற்றவர்களும் போர்க்களங்களுமே. சங்ககிரியைப் பற்றிப் பேசப் புகுவோர் மலைமேல் நிற்கும் கோட்டையையும், 1805ஆம் ஆண்டில் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையையும் குறிப்பிடாமல் விடுவதில்லை. அது முறையே. ஆயினும் அம்மலையின் அடிவாரத்தில், நம் காலத்திலேயே தோன்றி, நம் கண்ணெதிரிலேயே மறைந்துபோன வேறொரு வரலாறும் உண்டு. தொலைபேசிக் கம்பியின் வழியே வீடுகளுக்கு இணையம் வந்த வரலாறு அது. அதிலும், இணைப்புக் கிடைத்த கதையைக் காட்டிலும் கிடைக்காமற்போன கதையே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கும் என்பது என் கருத்து. ஆதலின் அதனையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

இன்று கைப்பேசியைத் தொட்ட அளவிலே உலகச் செய்தி நம் முன் வந்து நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. வீட்டில் இணையம் வேண்டுவோர்க்குக் கணிப்பொறி ஒன்றும், தொலைபேசி இணைப்பு ஒன்றும், இரண்டுக்கும் இடையே மோடம் என்னும் சிறு கருவி ஒன்றும் வேண்டும். கணிப்பொறி, மனிதரைப் போலவே தொலைபேசியில் ஓர் எண்ணை அழைக்கும். மறுமுனையில் இணைய நிலையத்தின் மோடம் அவ்வழைப்பை ஏற்கும். பிறகு இரண்டும் கீச்சொலியும் இரைச்சலுமாகச் சில நொடிகள் பேசிக்கொள்ளும். அந்த ஒலியைக் கேட்டவர் எவரும் அதனை மறந்திரார். ஒலி அடங்கியதும் திரையில் இணைப்புக் கிடைத்த செய்தி தோன்றும். அல்லது, கிடைக்கவில்லை என்ற செய்தி ஓர் எண்ணோடு தோன்றும்.

ஏன் கிடைக்கவில்லை? இந்த வினாவுக்கு விடை காண, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

சென்னை நகரில் தொலைபேசி நிலையம் 1882இல் தொடங்கப்பெற்றது. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொலைபேசிக் கம்பியின் பணி ஒன்றே ஒன்றுதான்: மனிதக் குரலைச் சுமந்து செல்லுதல். குரல் விளங்குவதற்கு எல்லா ஒலிகளும் தேவையில்லை. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிரும் ஒலிகள் சென்று சேர்ந்தால், பேசுபவர் இன்னார் என்பதும் அவர் சொல்வது இன்னது என்பதும் தெளிவாகும். ஆகவே பொறியாளர்கள் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டனர். அது சிக்கனமான ஏற்பாடு, குற்றம் கூறுதற்கில்லை. ஆனால் கணிப்பொறிக்குக் குரல் இல்லை. அதன் மொழி சுழியும் ஒன்றும் ஆகிய இரண்டே குறிகள். அக்குறிகளைக் குரலின் எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்பவும், வந்த ஒலிகளை மீண்டும் குறிகளாக்கவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவரே மோடம்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் எனக் கொண்டால், நொடிக்கு 30 எழுத்துகள். கணிப்பொறியே எண்ணை அழைக்குமாறு செய்த ஹேய்ஸ் மோடம் 1981இல் வந்தது. வி.34 என்னும் உலகத் தரம் 1994இல் 28,800 பிட்டுகளையும், பின்னர் 33,600 பிட்டுகளையும் எட்டியது. 1998இல் வி.90 என்னும் தரம் 56,000 என்று முழங்கியது. 33,600 பிட் விரைவில் ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு வந்து சேர நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். ஒரு சிறு நிழற்படத்திற்காக ஒரு குடும்பமே திரையைப் பார்த்துக் காத்திருந்த காலம் அது.

இந்தியாவில் இம்முயற்சி கல்வி நிலையங்களிலேயே தொடங்கிற்று. 1986இல் எர்னெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புத் திட்டம் உருவாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்குகொண்டது. பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அச்சேவையைத் தொடங்கியது. தொடக்க மாதங்களில் இணைப்புக் கிடைப்பது அரிதாயிருந்தது. வந்து குவிந்த அழைப்புகளுக்கு மோடம்களும் தொலைபேசி வழிகளும் போதவில்லை.

இனிச் சங்ககிரிக்கு வருவோம். சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் இடையே, நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் தொட்டுச் செல்லும் ஊர் இது. லாரித் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றது. எந்த ஊரில் சரக்கு இருக்கிறது, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுத் தொழில் நடத்திய ஊர் என்பதால், தொலைபேசியின் அருமையை இவ்வூரார் நன்கு அறிவர். ஆயினும் 1995இல் இங்கிருந்து இணையத்தை அடைய விரும்பிய ஒருவர் என்ன செய்திருக்க வேண்டும்? சென்னைக்கு எஸ்.டி.டி. அழைப்பு விடுக்க வேண்டும். எஸ்.டி.டி. கட்டணம் தொலைவைப் பொறுத்தது. தொலைவு கூடக் கூட, ஓர் அலகுக் கட்டணத்திற்குக் கிடைக்கும் நொடிகள் குறையும். மோடம் ஒரு பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருக்க, தொலைபேசி மீட்டரோ விரைந்து ஓடும். சென்னை மாணவர் உள்ளூர்க் கட்டணத்தில் படித்த அதே பக்கத்தைச் சங்ககிரி மாணவர் பலமடங்கு விலை கொடுத்தே படிக்க முடியும். இந்தக் குறையைத் திருகுளி கொண்டு திருத்த இயலாது. அது கட்டண அட்டவணையில் இருந்த குறை.

அக்குறை படிப்படியாகவே நீங்கிற்று. 1998 நவம்பரில் புதிய இணையக் கொள்கை நடைமுறைக்கு வந்து, தனியாரும் இச்சேவையில் இறங்கினர். தொலைபேசித் துறையும் மாவட்டந்தோறும் இணைய நிலையங்களை அமைக்க முற்பட்டது. 172 எனத் தொடங்கும் எண்களை அழைத்தால் உள்ளூர்க் கட்டணமே போதும் என்ற ஏற்பாடு வந்தது. 2000 அக்டோபர் முதல் நாள் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் தொலைபேசித் துறையின் பணிகளை ஏற்றது. 04283 என்னும் குறியீட்டு எண்ணுக்குள் அடங்கிய சங்ககிரிப் பகுதி வீடுகளில் மோடத்தின் கீச்சொலி கேட்கத் தொடங்கியது இதன் பின்னரேயாம்.

வழி திறந்தது, ஆனால் வழியில் தடைகள் பல இருந்தன. இங்கேதான் நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி வருகிறது. இணைப்பு என்பது ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல உடன்பாடுகளின் தொடர் அது. தொலைபேசியில் ஒலி வர வேண்டும். எண் சரியாகச் செல்ல வேண்டும். மறுமுனை எடுக்க வேண்டும். இரு மோடம்களும் ஒரு விரைவுக்கு இசைய வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட வேண்டும். இறுதியாக, நம் கணிப்பொறிக்கு ஓர் இணைய முகவரி வழங்கப்பட வேண்டும். இவற்றில் எது முறிந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: இணைப்பு இல்லை. எந்தப் படியில் முறிந்தது என்று கண்டவரே குறையைத் தீர்த்தார். அதனைக் காணாதவர் கணிப்பொறியை அணைத்து ஏற்றுவதும், கம்பியைப் பிடுங்கிச் செருகுவதும், கடைக்காரரை ஏசுவதுமாகப் பொழுதைக் கழித்தார்.

விண்டோஸ் கணிப்பொறிகள் இப்படிகளுக்கு எண்களையே கொடுத்திருந்தன. 680 என்றால் தொலைபேசியில் ஒலி இல்லை. 676 என்றால் மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது. 678 என்றால் மறுமுனையிலிருந்து விடை இல்லை. 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இவ்வெண்களைப் பார்த்து நோயைச் சொல்லும் இளைஞர்கள் அந்நாளில் ஊருக்கு நால்வராவது இருந்தனர்.

சான்றாக ஒன்று கூறுவேன். 2000ஐ அடுத்த ஆண்டுகளில், சங்ககிரியில் லாரித் தொழில் செய்துவந்த நண்பர் ஒருவர் தம் மகளின் படிப்பிற்காகக் கணிப்பொறி வாங்கினார். நாள்தோறும் 680 என்ற எண்ணே தோன்றிற்று. தொலைபேசியை எடுத்தாலோ ஒலி நன்றாகக் கேட்டது. "ஒலி கேட்கிறதே, இது ஏன் இல்லையென்கிறது?" என்று அவர் என்னைக் கேட்டார். காரணம் வியப்பானது. எண்ணை அழைக்குமுன் நம் நாட்டுத் தொலைபேசியில் கேட்கும் ஒலி, நொடிக்கு 400 அதிர்வு கொண்ட ஒலியை 25 முறை ஏற்றி இறக்கி ஆக்கப்பட்டது. ஆதலின் அது சற்றே உறுமுவதுபோல் கேட்கும். அமெரிக்காவிலோ அது 350, 440 என்னும் இரண்டு அதிர்வுகள் கலந்த, ஏற்ற இறக்கமற்ற ஒலி. வேற்று நாட்டு ஒலியையே எதிர்பார்த்துச் செய்யப்பட்ட மோடம்கள் சில, நம் ஒலியை ஒலியென்றே ஏற்கவில்லை. "ஒலிக்காகக் காத்திராமல் அழை" என்று கணிப்பொறியில் ஓர் அடையாளத்தை மாற்றியவுடன் அது அழைக்கத் தொடங்கியது. செலவு ஒரு காசும் இல்லை.

ஆனால் இணைப்பு அப்போதும் கிட்டவில்லை. ஒரு குறை தீர்ந்த பின்பே அடுத்த குறை தன் முகத்தைக் காட்டும் என்பது இத்துறையின் நியதி. மறுமுனை எடுத்தது, கீச்சொலி எழுந்தது, இடையிலே அறுந்தது. அவர் மகள் ஒரு குறிப்பைக் கவனித்திருந்தாள். மழை பெய்த மறுநாள்களில் அறுவது மிகுதி; வெயில் நாள்களில் குறைவு. அது நல்ல கவனிப்பு. தொலைபேசியில் ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் தொடக்க ஒலி நின்று அமைதி நிலவும். அந்த அமைதியில் செவியைக் கூர்ந்து வைத்தோம். அமைதி இல்லை, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோன்ற ஓசை இருந்தது. வீட்டிலிருந்த மற்றொரு தொலைபேசியைக் கழற்றிப் பார்த்தோம், ஓசை நீங்கவில்லை. எனவே குறை வீட்டிற்கு வெளியே என்பது உறுதியாயிற்று. புகார் கொடுத்ததன்பேரில் வந்த லைன்மேன், கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் கம்பியில் பச்சை பூத்துப்போன இணைப்பு ஒன்றைக் கண்டு, வெட்டி, புதிதாக முறுக்கிக் கட்டினார். அன்று மாலையே இணைப்பு நின்றது.

பேசுவதற்கு அந்தக் கம்பி ஆண்டுக்கணக்கில் போதுமானதாகவே இருந்தது என்பதை நீங்கள் கருத வேண்டும். இரைச்சலுக்கிடையிலும் மனிதன் கேட்டுக்கொள்வான், ஒரு சொல் விட்டுப்போனால் ஊகித்துக்கொள்வான், புரியாவிடில் "என்னங்க?" என்று திருப்பிக் கேட்பான். மோடமும் திருப்பிக் கேட்கும். ஆனால் கேட்கக் கேட்க விரைவைக் குறைத்துக்கொண்டே போய், ஓர் எல்லைக்குமேல் கைவிட்டுவிடும். நம் செவி பொறுத்துக்கொண்ட குறைகளையெல்லாம் அது பொறுக்க மறுத்தது.

இனி, எவர் வீட்டுக் கம்பி செம்மையாக இருந்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. அது 676, அதாவது மறுமுனை ஓய்வாக இல்லை என்பது. பொதுத்தேர்வு முடிவுகள் இணையத்திலும் வெளிவரத் தொடங்கிய ஆண்டுகளில் இதன் கொடுமை நன்கு விளங்கிற்று. ஒரே வேளையில் எல்லோரும் அழைத்தால் என்ன ஆகும்? டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்னும் கணித அறிஞர் இதனை ஆராய்ந்து, 1917இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். எல்லாப் பயனர்க்கும் ஆளுக்கொரு வழி வைக்க எந்த நிலையத்தாலும் ஆகாது. பெரும்பாலோர் ஒரே நொடியில் அழைப்பதில்லை என்ற நம்பிக்கையின்மேல்தான் நிலையங்கள் இயங்குகின்றன. எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை வழிகள் இருந்தால் எத்தனை பேர் திரும்ப நேரிடும் என்பதை அந்த வாய்பாடு கணக்கிட்டுச் சொல்லும். தேர்வு முடிவு வரும் காலையில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். அந்நாளில் வீட்டில் இணைப்பு வைத்திருந்தவரும் செய்தித்தாளையும் பள்ளி அறிவிப்புப் பலகையையும் நாடியதற்கு இதுவே காரணம். இதில் வீட்டார் செய்யக்கூடியது பொறுமையாக மீண்டும் அழைப்பது ஒன்றே. எந்தக் குறை நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்தறிவதும் குறை தீர்க்கும் கலையின் ஒரு பகுதியன்றோ?

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் பயன் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுத்துச் செய்து, இணையத்தின் வழியே ஒன்றுசேர்த்து, விலையின்றி உலகுக்கு வழங்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. எழுத்து வடிவில் அமைந்த நூல் அளவில் சிறியது. மெல்லிய கம்பியிலும் அது வந்து சேரும். பெரிய நூலகம் இல்லாத ஊரில் இருந்த மாணவர் ஒருவர்க்கு, அந்தக் கீச்சொலியின் முடிவில் ஒரு நூலகம் திறந்தது. ஆகவேதான் இணைப்பு அறுந்தபோது வீட்டார் அத்தனை கவலை கொண்டனர்.

இக்காலப்பகுதி நீண்டநாள் நிலைக்கவில்லை. 2004இல் வெளியிடப்பட்ட அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 2,56,000 பிட்டுகளைக் குறைந்த அளவாக வகுத்தது. 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் பாரத் சஞ்சார் நிகாம் அச்சேவையைத் தொடங்கியது. இதில் நாம் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்தச் சேவை வந்ததும் பெரும்பாலும் அதே பழைய செப்புக் கம்பியில்தான். குரலுக்கு வகுத்த எல்லைக்கு மேலே இருந்த அதிர்வுகளைப் பயன்படுத்தியதால் அந்த விரைவு கிட்டிற்று. பேச்சும் இணையமும் ஒருங்கே சென்றன. அதுகாறும் நம்மைக் கட்டிவைத்திருந்தது செம்பின் வலிமைக் குறைவன்று. குரலுக்கென்று தொலைபேசி நிலையத்தில் இட்ட வேலியே. பின்னர்க் கைப்பேசி இணையமும் கண்ணாடி இழையும் பரவின. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனமும் தன் தொலைபேசி வழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது.

கருவி மறைந்தது, அது கற்பித்த முறை மறைய வேண்டியதில்லை. இன்று இணைப்பு அறுந்தால் திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. எங்கே அறுந்தது என்று அது சொல்வதில்லை. ஆனால் படிகள் இன்றும் உள்ளன. கருவிக்கும் கம்பிக்கும் இடையே ஓர் உடன்பாடு, பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் ஓர் உடன்பாடு, முகவரி வழங்குதற்கு ஓர் உடன்பாடு; இவை ஒழியவில்லை. கைக்கு அருகில் உள்ளதை முதலில் நோக்குக. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியபின் என்ன நிகழ்ந்தது என்பதைக் குறித்து வைக்க. மழைக்கும் இணைப்புக்கும் உள்ள தொடர்பைக் கண்ட அந்தப் பெண் செய்தது இதுவே. அவள் பொறியியல் நூல் எதனையும் அப்போது படித்திருக்கவில்லை.

கட்டண அட்டவணையிலிருந்த குறையையும் நீங்கள் மறத்தல் ஆகாது. வீட்டில் எல்லாம் செம்மையாக இருந்தும், ஊர் தொலைவில் இருக்கிறது என்பதனாலேயே ஒரு மாணவர்க்குக் கல்வி விலையேறுமாயின், அதுவும் அறுந்த கம்பியே. அதனைக் கண்டுபிடித்துத் திருத்தும் பொறுப்பு லைன்மேனுக்கு உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது.